சண்டை வராத வண்டி

விளம்பரத்தில் 'சண்டை வராத வண்டி' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் தெய்வசிகாமணி பதிவு செய்தார்.

அவருக்குக் கோவையில் பம்ப் மோட்டார் உதிரிபாகக் கடை. அறுபதை நெருங்கும் வயது. தலைவலிக்கென்று ஒரு மாத்திரைகூடப் போட்டதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். வருஷத்துக்கு ஒருமுறை மனைவி சாந்தாமணி, தங்கை குணவதி, தங்கை புருஷன் கனகசபாபதி மூவரையும் கூட்டிக்கொண்டு எங்காவது போய்வருவது அவர் வழக்கம். பாதி வழியில் சண்டை வருவதும் வழக்கம். குணவதிக்கு வேர்க்கும்போது கனகசபாபதிக்குக் குளிரும். ஒருவருக்குப் பசிக்கும் நேரம் பார்த்து இன்னொருவருக்குக் குமட்டும். போன வருஷம் ஏலகிரி மலைப்பாதையில், தன் பக்கம் மட்டும் வெயில் அடிக்கிறது என்று கனகசபாபதி இறங்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி ஏற்றுவதற்குள் பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து மலையே அதிர்ந்தது.

வாடகைக்கு விடும் கம்பெனியில் அகல்யா என்ற பெண் வண்டியைச் சுற்றிக் காட்டினாள். உள்ளே மடக்கி விரிக்கும் படுக்கைகள், ஒரு கேஸ் அடுப்பு, பீரோ அளவுக்கு ஒரு குளியலறை, அதற்குள்ளேயே கக்கூஸ். சோப்பு கீழே விழுந்தால் குனிவதற்கு வெளியே வரவேண்டும். டிரைவர் கிடையாது. ஊர்ப்பேரைச் சொன்னால் வண்டி தானாகப் போகும்.

"டூர் போற எடத்துல சண்டை ஏன் வருதுங்க சார்? ஒருத்தர் படற கஷ்டம் இன்னொருத்தருக்குத் தெரியறதில்ல. மேல பாருங்க, கூரையில ஒரு தகடு இருக்கா? உள்ள இருக்கறவங்க உடம்புல என்னென்ன அசௌகரியம் இருக்குதுன்னு அது படிச்சுக்கும். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து ஆளுக்குச் சமமாப் பிரிச்சுக் குடுத்துரும். அப்பறம் யாரு யாரோட சண்டை போடறது?"

"கஷ்டத்த அடியோட இல்லாமப் பண்ணிராதா?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"அது முடியாதுங்க சார். பங்கு போடத்தான் முடியும்."

கனகசபாபதி முகத்தைச் சுளித்தார். "அடுத்தவனுக்குச் சக்கர வியாதி இருந்தா எனக்கும் ஒட்டிக்குமா?"

"நோய் அவங்கவங்க உடம்புலயேதான் இருக்குங்க. அது குடுக்கற தொந்தரவு மட்டுந்தான் பங்கு போகும். வண்டிய விட்டு எறங்கிட்டா அவங்கவங்களது அவங்கவங்களுக்கே வந்துரும்."

தனுஷ்கோடி வரை போவதாகத் திட்டம். பல்லடம் ரோட்டில் ஏறியதுமே தெய்வசிகாமணிக்கு வண்டி பிடித்துப்போயிற்று. கையை நீட்டி மடக்கினார். ஆழமாக மூச்சை இழுத்து விட்டார்.

"என்னமோ இருவது வயசு கொறஞ்சாப்புல இருக்குது மாப்ள. இந்தக் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்."

"எனக்கு அப்படியொண்ணும் தெரியலீங்க மச்சான். சட்டைக்குள்ள யாரோ கல்லக் கட்டி விட்டாப்புல இருக்குது" என்றார் கனகசபாபதி.

கனகசபாபதி ஏதாவது சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பல்லடத்தைத் தாண்டியதும் நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் சிறுநீர் முட்டியது. கனகசபாபதி முந்திக்கொண்டு ஓடினார்; ஒன்றும் வராமல் திரும்பி வந்தார். தெய்வசிகாமணி போனார், அவருக்கும் வரவில்லை. சாந்தாமணியும் போய்விட்டு உதட்டைப் பிதுக்கினாள். மூன்று பேரும் காலைப் பின்னிக்கொண்டு நின்று யோசித்தார்கள். பிறகுதான் மேல் படுக்கையில் குணவதி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தார்கள். அவளை உலுக்கி எழுப்பி உள்ளே அனுப்பினார்கள். அவள் கதவைச் சாத்தியதும் வெளியே நின்ற மூவரும் 'அப்பாடா' என்றார்கள்.

அன்றைக்குக் கிருத்திகை. குணவதி விரதம். உடுமலையில் மற்ற மூவரும் இறங்கி வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால், ஏறியதும் மூவருக்கும் லேசாகப் பசித்தது. குணவதிக்கோ முக்கால்வாசிப் பசி காணாமல் போயிருந்தது.

"அண்ணா, எனக்குப் பசியே தெரியல. இந்த விரதம் செல்லுமா செல்லாதா?"

"உன்ற பசியில முக்காப் பங்கு நாங்க சொமக்கறோம்" என்றார் கனகசபாபதி. "முருகன் புண்ணியத்தையும் முக்காப் பங்கு எங்களுக்குத்தான் போடோணும். நாங்க தின்னுட்டு விரதம் இருக்கறோம்."

குணவதிக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு புளியமரத்தடியில் நின்று ஒழுங்காகப் பசித்துவிட்டு வந்தாள்.

அன்று ராத்திரி வழியில் ஒரு அணைப்பக்கம் தங்கிவிட்டு மறுநாள் கிளம்பினார்கள். கிளம்பும்முன், குழாய் வைத்துத் தண்ணீர் பிடித்தால் நேரமாகும் என்று தெய்வசிகாமணி வாய்க்காலிலிருந்து தானே குடம் குடமாகத் தூக்கி வண்டித் தொட்டியை நிரப்பினார். பழனி தாண்டும்வரை ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது கனகசபாபதி நெஞ்சைப் பிடித்தார்.

"மச்சான், நெஞ்சு மேல மணையப் போட்டு யாரோ ஏறி உக்காந்தாப்புல இருக்குதுங்க."

"நேத்துத் தின்ன பஜ்ஜி மாப்ள."

"எனக்கும் அப்படித்தான் இருக்குதுண்ணா. நான் பஜ்ஜி திங்கலியே" என்றாள் குணவதி.

சாந்தாமணி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது.

"எனக்குந்தான் லேசா இருக்குது. இதெல்லாம் ஒரு நோவா? கடையில மோட்டாரத் தூக்கறப்ப இதவிட ஜாஸ்தி வரும். சித்த நேரம் நின்னாப் போயிரும்" என்றார் தெய்வசிகாமணி.

அப்போது வண்டி தானாக வேகம் குறைந்து ரோட்டோரம் ஒதுங்கியது. கூரையிலிருந்து இனிமையான பெண்குரல் ஒன்று பேசியது. "பயணிகளின் சராசரி அசௌகரியம் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. சௌகரியம் திரும்பியதும் பயணம் தொடரும். இயற்கையை ரசியுங்கள்."

ஜன்னலுக்கு வெளியே முருங்கைத் தோப்பும் ஒரு பஸ் நிறுத்தமும் தெரிந்தன.

"இது யாரோட நோவுன்னு மொதல்ல கண்டுபிடிக்கோணும். ஒவ்வொருத்தரா எறங்கிப் பாப்பம். யாரு எறங்குனா உள்ள சரியாகுதோ அவங்களுதுதான்" என்று சொன்ன தெய்வசிகாமணி, "மாப்ள, நீங்களே மொதல்ல எறங்குங்க. எப்படியும் உங்களுதாத்தான் இருக்கும்" என்றார்.

கனகசபாபதி முனகிக்கொண்டே இறங்கினார். தரையில் கால் வைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமே இல்லீங்க! என்னுது இல்ல! என்னுது இல்ல!" என்று ரோட்டில் நின்று கூவினார். உள்ளே பங்குக்கு ஒரு ஆள் குறைந்ததால் மீதி மூவருக்கும் வலி ஏறியது. அடுத்துக் குணவதி இறங்கினாள். அவளுக்கும் விட்டுப்போயிற்று. உள்ளே இருந்த இருவருக்கும் இன்னும் கூடியது. சாந்தாமணி மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"சரி, இப்ப நான் எறங்கறேன். அப்பறம் பழி உம்மேலதான் சாந்தா" என்று சிரித்துக்கொண்டே தெய்வசிகாமணி படியில் இறங்கினார்.

செருப்பு தாரில் பட்டதும் சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே சாந்தாமணிக்கு மூச்சு தங்குதடையில்லாமல் வந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு பயந்துபோய் மூச்சு விட்டதில்லை.

மூவரும் சேர்ந்து அவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். வண்டிக்குள் வந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். முகம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.

"ஒண்ணுமில்ல. வெயில் அடிச்சிருச்சு" என்றார்.

"ஏனுங்க, இத்தன நாளா இதையா சொமந்துட்டுத் திரிஞ்சீங்க?" என்று கேட்டாள் சாந்தாமணி.

கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்த வலி என்பதால் அது வலி என்றே அவருக்குப் பட்டதில்லை. வயது என்று நினைத்திருந்தார். வண்டிக்குள் வந்து மற்ற மூவரும் முக்கால் பாகத்தை எடுத்துக்கொண்டதும் இளமை திரும்பிவிட்டதாகச் சந்தோஷப்பட்டிருந்தார்.

குணவதி ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். அது வந்து சேர்ந்து கூட்டிப்போவதைவிட, வண்டி கையில் இருந்தால் நேராகத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவது சீக்கிரம் என்றார்கள். வண்டியோ நகர மறுத்தது. கனகசபாபதி கம்பெனி நம்பரில் கூப்பிட்டார். அகல்யாவேதான் எடுத்தாள்.

"ஏம்மா, இங்க ஒரு உசுரு போயிட்டிருக்குது, உன்ற வண்டி முருங்கத் தோப்பு வேடிக்க பாத்துட்டு நிக்குது!"

"சராசரி எல்லையத் தாண்டிருச்சுங்க சார். அது பாதுகாப்பு விதி. எங்களால மாத்த முடியாது."

"அந்தத் தகட்ட அணைச்சுத் தொலையேன்."

"அணைக்கலாங்க சார். வண்டி ஒடனே கெளம்பிரும். ஆனா மொத்த வலியும் அந்த ஒரு சாருக்கே போயிரும். அணைக்கட்டுங்களா?"

கனகசபாபதி மச்சானைப் பார்த்தார். "வேண்டாம்மா."

"அப்படீன்னா ஆளுங்களச் சேத்துங்க சார். ஆள் கூடினா சராசரி கொறையும். உக்கார்றதுன்னா பத்துப் பேர் வரைக்கும் ஏறலாம். சீக்கிரம் குணமாகட்டும். என்னோட சேவைக்கு எத்தன நட்சத்திரம் குடுப்பீங்க சார்?"

கனகசபாபதி போனை வைத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். அங்கே ஏழெட்டுப் பேர் வராத பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். அவர் நிலைமையை விளக்கினார். வலியை வர்ணிப்பதில் அவருக்கு ஒரு ஆயுளின் அனுபவம் இருந்தது. நெஞ்சில் மணை அழுத்துவது, அது தோளுக்கு ஏறுவது, கை விறுவிறுப்பது, நாக்கு வறள்வது என்று ஒன்று விடாமல் சொன்னார். அதைக் கேட்டே இரண்டு பேர் அடுத்த நிறுத்தத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்கள்.

குணவதி அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"எங்கண்ணனுக்கு நெஞ்சு நோவுங்க. இந்த வண்டிக்குள்ள உக்காந்தா அந்த நோவுல உங்களுக்கும் ஒரு பங்கு வரும். நீங்க ஏறுனாத்தான் வண்டி நகரும். திண்டுக்கல் வரைக்கும் வாங்க, புண்ணியமாப் போகும்."

களையெடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வேலாத்தாள் என்கிற பெண் தலையில் இருந்த சும்மாட்டை அவிழ்த்தாள். "எம்புட்டு நோகும்?"

"கொஞ்சப் பேரு ஏறுனா நெறைய நோகும். நெறையப் பேரு ஏறுனாக் கொஞ்சமா நோகும்."

"அப்ப எல்லாரும் ஏறுங்கய்யா, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்று வேலாத்தாள் மற்றவர்களை அதட்டினாள்.

கையில் சூட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்த ஒரு சமையல்காரர் ஏறினார். வீங்கிய தாடையைத் துண்டால் தூக்கிக் கட்டியிருந்த ஒரு ஆள், வாயைத் திறக்க முடியாமல், தன் பல்லைக் காட்டி, வண்டியைக் காட்டி, கையால் ஒரு கேள்வி கேட்டார். பல்வலியும் பங்கு போகும் என்று குணவதி சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே இருந்தார். புதிதாகக் காது குத்தி, வீறிட்டு அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையோடு ஒரு தாயும் படியில் கால் வைத்தாள். சாந்தாமணி வழியை மறித்தாள்.

"வேண்டாங் கண்ணு. பச்சக் கொழந்த."

"உள்ள வந்தா இதுக்குக் காது வலி கொறையுமேக்கா?"

"கொறையும். ஆனா இந்த நெஞ்சு வலியும் சேந்து போகும். அது என்னன்னு தெரியறதுக்கு அதுக்கு இன்னும் வயசிருக்குது."

அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி நின்றாள். வேலாத்தாளின் பின்னாலேயே வந்த இரண்டு களைக்காரப் பெண்கள் ஏறினார்கள். "சௌகரியம் திரும்பியதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வண்டி கிளம்பியது.

ஒன்பது பேர். எல்லாருக்கும் நெஞ்சில் ஒரு சின்ன அழுத்தம், கடைவாய்ப் பல்லில் ஒரு குடைச்சல், வலது உள்ளங்கையில் எரிச்சல், வயிற்றில் பசி. பல்வலிக்காரர் தாடைத் துண்டை அவிழ்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நாலு நாளாகப் பேசவில்லையாம். தன் ஊர், தன் வாழைத்தோட்டம், மூத்த மருமகனின் குணக்கேடு என்று மூச்சுவிடாமல் பேசினார். அவர் பல்லை மற்ற எட்டுப் பேரும் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பசி யாருது?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"எங்களுதுதேன். விடியக்காலம் குடிச்ச கஞ்சி" என்றாள் வேலாத்தாள்.

சாந்தாமணி ஓடும் வண்டியில் நின்றபடி ரவையை வறுத்து உப்புமா கிளறினாள். மூன்று பெண்களும் சாப்பிடச் சாப்பிட வண்டியில் இருந்த எல்லாருக்கும் வயிறு அமர்ந்தது. சமையல்காரர் உப்பு ஒரு கல் குறைவு என்றார். வேறு குறை சொல்லவில்லை.

தெய்வசிகாமணி ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்பின் தெரியாத மனிதர்கள் நெஞ்சைத் தடவிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே வந்தார். யார் கை நெஞ்சுக்குப் போனாலும் அவர் தலை குனிந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், "என்ன எறக்கி விட்டுருங்க. இது என்னோட நோவு. நானே தாங்கிக்கறேன்" என்றார்.

"சும்மா உக்காருங்க சாமி. உங்க நோவு பேசாமலாச்சும் வருது. இவரு பல்லுதேன் பேசிப் பேசிக் கொல்லுது" என்றாள் வேலாத்தாள்.

தெய்வசிகாமணி சிரித்தார். பாதிச் சிரிப்பில் கண் கலங்கிற்று. அதன்பிறகு இறங்குவதைப் பற்றிப் பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் ஒரு பெண் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு உள்ளே ஏறினார். ஏறியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருக்கு நெஞ்சு வலி?"

"எல்லாருக்குந்தாங்க" என்றார்கள் ஒன்பது பேரும்.

குணவதி விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் தெய்வசிகாமணியைச் சோதித்தார். வரவழைத்த ஈசிஜி கருவியில் ஓடிய கோடுகளைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

"வலி கம்மியா இருக்கறதால நல்லா இருக்கீங்கன்னு நெனச்சிராதீங்க. வலிதான் பத்துப் பேருக்குப் பிரிஞ்சிருக்கு. அடைப்பு முழுசா உங்ககிட்டதான் இருக்கு. ஒடனே உள்ள கொண்டு போகணும்."

"எறங்குனா..." என்றார் தெய்வசிகாமணி.

"ஆமா. மருந்து வேலை செய்யற வரைக்கும் கொஞ்ச நேரம் முழுசா வலிக்கும்."

ஒருநாளும் மாத்திரை போடாத மனிதர் சாந்தாமணியின் கையைப் பிடித்தார். கல்யாண வீட்டில் பிடித்ததற்குப் பிறகு, நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"சாந்தா, எனக்குப் பயமா இருக்குது."

"நான் கூட வர்றனுங்க" என்றாள் அவள்.

ஸ்டிரெச்சர் படியைத் தாண்டியதும் அவர் அலறினார். அந்தச் சத்தம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போகும்வரை வண்டியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை பேர் நெஞ்சும் காலியாக இருந்தது.

ஒரு எல்லைக்கு அப்பால் சாந்தாமணியை உள்ளே விடவில்லை. அவள் திரும்பி வந்து வண்டியிலேயே உட்கார்ந்தாள். வேலாத்தாளும் மற்றவர்களும் போகலாம் என்றுதான் எழுந்தார்கள். ஆனால் சேதி தெரியாமல் எப்படிப் போவது? தவிர, பல்வலிக்காரருக்கு இறங்கப் பயம். டீ வாங்கி வந்து குடித்தார்கள். எல்லாருக்கும் இடுப்பிலிருந்து குதிகால் வரை எலும்புக்குள் ஒரு வலி பிசைந்தது. நெஞ்சு வலி இருந்தவரை இது தனியாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. ஆளாளுக்குக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். களைக்காரப் பெண்கள் கொண்டுவந்த வலியாக இருக்கும் என்று கனகசபாபதி நினைத்தார். அவர்கள், வசதியான வீட்டு ஆட்களுக்கு இப்படித்தான் வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தார்கள்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து கை காட்டிக் கூப்பிட்டார். சாந்தாமணி இறங்கி ஓடினாள். அடைப்பை எடுத்தாயிற்று, ஆபத்தில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் சொன்னது வண்டிவரை கேட்டது. குணவதி முருகா என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கால் வலி இல்லை. பக்கத்தில் பார்த்தாள். சமையல்காரர் காலைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார். வேலாத்தாள் தன் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார்கள். அங்கே சாந்தாமணி டாக்டரிடம் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தாள். நன்றாகத்தான் நடந்தாள். எப்போதும் போலத்தான் நடந்தாள்.

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். குணவதி படிக்கு வந்து நின்றாள்.

"நங்கை, உங்களுக்கு எப்பருந்து கால் நோகுது?"

"எனக்கா?" சாந்தாமணி விழித்தாள். முகத்தில் இன்னும் நல்ல சேதியின் வெளிச்சம் இருந்தது. "எனக்கென்ன நோவு அம்முணி? எல்லாருக்கும் இருக்கறாப்புலதான்."

சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்து ஏறினாள். உள்ளே நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் இருந்தது.